ஏனாத்தூர் கோடவுனில் ஒரு பாய்மரப் படகு

— தட்டாதே பாப்பா. தேங்காயா வாங்கறோம், தட்டித் தட்டிப் பார்த்துக்கினு இருக்கே?

— தட்டித்தான் பார்க்கணும் சார். சத்தத்துலதான் விஷயம் இருக்கு. இங்க கேளுங்க, டக்குனு வருது. இப்ப இந்தப் பக்கம்... தொப்புனு வருதில்ல? உள்ள தண்ணி கோத்திருக்கு. ஃபைபர் லேயர் லேயரா பிரிய ஆரம்பிச்சிருக்கு.

— எனக்கு ரெண்டும் ஒரே சத்தமாத்தான் கேக்குது. கமலா, உனக்கு?

— ரெண்டாவது கொஞ்சம் அடங்கினாப்பல இருக்குதுங்க.

— உன்னை எவன் கேட்டான்?

— நீங்கதாங்க கேட்டீங்க.

— வாயைப் பார்த்தியா பாப்பா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வாயை வச்சிக்கினுதான் காலம் தள்ளிக்கினு இருக்கேன். இவளைப் பார்க்கப் போனப்போ இந்த மாதிரி ஒரு சுத்தியல் எடுத்துக்கினு போயிருக்கணும். நான் தட்டிப் பார்க்காம கட்டிக்கினேன். அதான் பண்ண தப்பு. அட, சிரிக்கலாம்மா. இவளே சிரிப்பா. சிரி கமலா.

— நான் வேலையைப் பார்க்கறேன் சார்.

— பாரு, பாரு. ஆனா ஒண்ணு சொல்றேன். சென்னையில படகு கிளப்புல அந்த டாக்டரு, 'பார்க்காம வாங்காதீங்க குமரகுரு, அனுவை அனுப்பறேன், பழைய படகுன்னா பிரிச்சு மேஞ்சிடுவாங்க'ன்னாரு. அனுன்னதும் நான் அனுராஜோ, அனுகுமாரோ, கப்பல்ல இருந்து ரிடையர் ஆன மீசைக்காரன் எவனோ வரப்போறான்னு நெனச்சேன். காலேஜ் பஸ்ஸுலேர்ந்து எறங்கினா மாதிரி நீ வந்து நிக்கறே.

— நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க சார், பழகிடுச்சு. ஆக்சுவலா இந்தப் படகு எப்படி இங்க வந்துச்சு? கடல் எங்கயோ இருக்கு, இது ஏனாத்தூர்ல அரிசி மில்லு கோடவுன்ல நிக்குது.

— பெரிய கதை இல்லை. எவனோ வெள்ளைக்காரன் பாண்டிச்சேரியில உட்டுட்டுப் போயிட்டான். சென்னையில ஒரு இன்ஜினியரு வாங்கினாரு. ரிப்பேர் பண்றேன்னு லாரியில ஏத்தி, அவரு மச்சான் மாணிக்கவேலோட கோடவுன்ல கொண்ணாந்து நிறுத்தினாரு. வாடகை கெடையாதில்ல? அப்புறம் அவரு குடும்பத்தோட கனடாவுக்குப் போயிட்டாரு. மாணிக்கவேலுக்கு இப்ப நெல்லு மூட்டை அடுக்க எடம் வேணும். எனக்குப் படகு வேணும். முடிஞ்சுது.

— ஏன் சார் படகு? தப்பா நினைச்சுக்காதீங்க. பட்டுக்கடை வச்சிருக்கீங்க...

— அதுக்குத்தான்மா! எங்க ஊர்ல காசு வந்தா இன்னா பண்ணுவான்? பாலாத்தங்கரையில நெலம் வாங்குவான். மண்டபம் கட்டுவான். ஊரே பார்க்கற மாதிரி காரு வாங்குவான். காஞ்சிபுரத்துல எந்தப் பட்டுக்கடைக்காரனாவது பாய்மரப் படகு வச்சிருக்கானா, சொல்லு? குமரகுரு வச்சிருப்பான். கடையைப் பசங்க கையில குடுத்துட்டேன். வாரா வாரம் சென்னைக்குப் போய், பாய் கட்டறது, திருப்பறது, நங்கூரம் போடறது எல்லாம் கத்துக்கினேன். அறுபது தாண்டிடுச்சுன்னா எவனும் நம்பலை தெரிதா?

— சின்னப் படகுல கத்துக்கிட்டிருப்பீங்க. இது வேற சார். சரி, இதோட அடிப்பக்கம் யார் பெயிண்ட் அடிச்சது?

— மாணிக்கவேல்தான். கண்ணாடி மாதிரி இருக்குதில்ல?

— அதுதான் எனக்குப் பிடிக்கலை. வருஷக்கணக்கா தண்ணியைப் பார்க்காத படகுக்கு அடியில எதுக்குப் புதுப் பெயிண்ட்? அதுவும் படகும் கீலும் சேர்ற இந்த இடத்துல மட்டும் பட்டி பூசித் தேய்ச்சிருக்காங்க.

— கீலுன்னா இன்னாம்மா?

— இதோ ஆன்ட்டி. படகுக்குக் கீழ குட்டிச் சுவர் மாதிரி தொங்குதே, அதுதான் கீல். முழுக்க ஈயம். படகோட வெயிட்டுல கிட்டத்தட்ட பாதி இதுதான்.

— கமலா, அந்தப் பொண்ணை வேலை செய்ய உடு. கத்துக்கினு நீ இன்னா கப்பல் ஓட்டப் போறியா?

— சார், நான் உள்ள போய்ப் பார்க்கணும். தரைப் பலகைக்கு அடியில ஒரே இருட்டா இருக்கும். யாராவது ஒருத்தர் டார்ச் பிடிக்கணும்.

— என் முட்டி இந்த ஏணிக்கு ஒத்துக்காது. மாணிக்கவேல் வேற போன் பண்ணிக்கினு இருக்கான். கமலா, நீ ஏறு.

— நானாங்க? இவ்ளோ ஒசரத்துலயா?

— புடவையைச் சொருகிக்கினு ஏறுடீ. உழுந்தா பொறுக்கி எடுத்துக்கினு போறேன். இன்னா இப்ப?

*

— மெதுவா ஆன்ட்டி. தலையைக் குனிஞ்சுக்கோங்க. அந்தக் கம்பியைப் பிடிக்காதீங்க, இதைப் பிடிங்க. ஆங், வந்துட்டீங்க.

— யப்பா. உள்ள இவ்ளோ எடமா! அடுப்பு இருக்குது, படுக்கை இருக்குது. தட்டு வைக்கறதுக்குக் கூட மரத்துல தனியா செஞ்சி வச்சிருக்கானே.

— அலையில தட்டு உருளாம இருக்கறதுக்கு. இதுலயே ஒரு குடும்பம் மாசக்கணக்கா இருந்திருப்பாங்க. ஆன்ட்டி, அந்த மூட்டையை அவிழ்க்கறீங்களா? பாயைப் பார்க்கணும்.

— இதா பாயி? துணி கெட்டியாத்தான் இருக்குதுமா. தையல்தான் செத்துப்போச்சு. இங்க பாரு, நகத்தால நெம்பினா நூலு மாவா உதிருது.

— கரெக்ட்! வெயில்ல நூல்தான் முதல்ல போகும். எப்படி ஆன்ட்டி பார்த்தவுடனே சொன்னீங்க?

— எங்கப்பா வீட்டுல தறி ஓடும்மா. இவரு வீட்டுல கடை. நூலைப் பார்த்தா கை தானாப் போவுது. அப்ப இந்தப் படகு ஆவாதா?

— பாய்க்காக யாரும் படகை வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. பாய் புதுசா தைச்சுக்கலாம். மேல இருக்கற கம்பியை மாத்திக்கலாம். தொப்புனு கேட்டுச்சே, அந்த இடத்தைக் கூட சுரண்டி எடுத்து சரி பண்ணலாம். பழைய படகுன்னா இதெல்லாம் இருக்கும். நான் பயப்படறது இந்தப் பலகைக்குக் கீழ. தூக்கறேன், டார்ச்சை உள்ள காட்டுங்க.

— இப்படியா?

— இன்னும் கிட்ட. இன்னும்... ஐயோ.

— இன்னாமா? பூச்சியா?

— இல்லை ஆன்ட்டி. வரிசையா நட்டு தெரியுதா? ஒவ்வொண்ணுக்குக் கீழயும் செவப்பா ஒழுகிக் காஞ்சிருக்கு பாருங்க. ஒரு நிமிஷம், ஸ்பேனரைப் போட்டு லேசா திருப்பிப் பார்க்கறேன்.

— ஏம்மா, உடையுதே! முறுக்கு மாதிரி உதிருதே!

— அடுத்ததும் அப்படித்தான். இதுவும். இதுவும். எப்பவோ ஒரு தடவை பாறையில நல்லா மோதியிருக்காங்க. அந்த விரிசல் வழியா உப்புத் தண்ணி போய் உக்காந்து, உள்ளயே இருந்து எல்லாத்தையும் தின்னுடுச்சு. கீழ அந்த ஈயத்தைத் தாங்கறது இந்த போல்ட்டுங்க மட்டும்தான் ஆன்ட்டி. மாணிக்கவேலுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் வெளியில பட்டி பூசி பெயிண்ட் அடிச்சுட்டார்.

— அப்ப தண்ணியில எறக்கினா முழுகிடுமா?

— அப்படி முழுகினா நல்லதாச்சே. முழுகாது. அழகா நிக்கும். காத்து இல்லாத நாள்ல நாள் பூரா சுத்தலாம், ஒண்ணும் தெரியாது. ஆனா காத்து பலமா அடிச்சா பாய் படகைச் சாய்க்கும். சாயற படகை நிமிர்த்தறது அந்த ஈயம். அப்பதான் மொத்த வெயிட்டும் இந்த போல்ட்டுல தொங்கும். அறுந்துச்சுன்னா படகு அப்படியே தலைகீழா கவுந்துடும். யோசிக்கக் கூட நேரம் இருக்காது.

— நீச்சல் தெரிஞ்சவங்க?

— பாய் தண்ணியில மேல வந்து மூடிக்கும். கயிறு காலைச் சுத்திக்கும். சாருக்கு நீச்சல் தெரியுமா?

— தெரியும்னு சொல்லுவாரு.

— போல்ட்டை மட்டும் மாத்த முடியுமான்னு கேப்பார். கீலையே கழட்டி எறக்கணும் ஆன்ட்டி, அந்தச் செலவுக்குப் புதுசா ஒரு படகு வாங்கிடலாம். இதை வாங்கக் கூடாது. வாங்கினாலும் தண்ணியில விடக் கூடாது. அவ்ளோதான் என் ரிப்போர்ட்டு... ஏன் ஆன்ட்டி என்னையே பார்க்கறீங்க? முகத்துல துரு ஒட்டியிருக்கா?

— இல்லைமா. அந்த நட்டைத் திருப்பறப்போ நாக்கைக் கடிச்சிக்கினே. எங்க வீட்டுல ஒருத்தி அப்படித்தான் கடிச்சிக்குவா. ஊசியில நூலு கோத்தாலும் நாக்கு வெளிய வந்துடும்.

— பொண்ணா? என்ன பண்றாங்க?

— இல்லை.

— சாரி ஆன்ட்டி.

— நீ ஏன்மா சாரி சொல்றே? கலைவாணின்னு பேரு. ஆரணிப் பக்கம் குடுத்தோம். அவன் குடிச்சிட்டு வந்து அடிக்கறான்னு ஒரு நாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கினு வந்துட்டா. முதுகு பூரா கன்னிப்போயிருந்திச்சு. உள்ள வந்து உக்காரக் கூட உடலை இவரு. அப்பிடியே திருப்பிக் கொண்ணுபோய் உட்டுட்டு வந்துட்டாரு. அந்த வீட்டுக் கொல்லையில கெணறு இருந்திச்சு.

— சாரா? அவரே கொண்டுபோய் விட்டாரா?

— காரை அவரேதான் ஓட்டிக்கினு போனாரு. டிரைவருக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு.

— நீங்க அப்ப என்ன ஆன்ட்டி பண்ணீங்க?

— கேட்டைத் தொறந்து உட்டேன்.

*

— எறங்கியாச்சா? நல்லது. பாப்பா, மூட்டையைக் கட்டு. மாணிக்கவேல்கிட்ட பேசி முடிச்சிட்டேன். பாண்டிச்சேரியிலேர்ந்து ஒருத்தன் நாளைக்கு வந்து தூக்கிக்கினு போறேன்னானாம். நான் உடுவேனா? பத்திரத்தை எடுத்துக்கினு வாடான்னு சொல்லிட்டேன். வந்துக்கினு இருக்கான்.

— சார், வாங்காதீங்க.

— இன்னாது?

— இந்தப் படகு கடலுக்குப் போகக் கூடாது சார். கீல் போல்ட்டெல்லாம்...

— இங்கதான் வருவேன்னு தெரியும். எந்தப் பழைய பொருளைக் காட்டினாலும் உங்க பாட்டு இதானே? எங்கிட்ட பொடவை பார்க்க வர்றவ கூட இப்படித்தான், ஜரிகையைச் சுரண்டிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவா. எதுக்கு? வெலையைக் குறைக்க. நீ எதுக்குப் பிதுக்கறே? பாண்டிச்சேரிக்காரன் உன் ஆளா?

— எனக்கு அந்த ஆள் யாருன்னே தெரியாது சார். போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு...

— துருப்பிடிச்சா புது போல்ட்டு போட்டு முடுக்கிக்கறேன். ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு மெக்கானிக்குப் பையன் இருக்கான், லாரியையே கழட்டி மாட்டுவான்.

— அப்படி முடுக்க முடியாது! நான் சொல்றதை ரெண்டு நிமிஷம் கேளுங்க ப்ளீஸ். கீல் கழண்டு விழுந்தா...

— ஏய், கத்தாதே. யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சி பேசு. உங்கப்பன் வயசு எனக்கு. ஒரு பொம்பளைப் புள்ளை, பேன்ட்டைப் போட்டுக்கினு சுத்தியலைத் தூக்கிக்கினு வந்து, என் எதிர்ல நின்னு எனக்கே புத்தி சொல்றியா? உன் வீட்டுல உன்னைக் கேக்க ஆளு இல்லையா?

— ஏங்க, அவ நல்லதுக்குத்தான் —

— நீ மூடு! உள்ள போய் ரெண்டு பேரும் கூட்டணி வச்சிக்கினு வந்தீங்களா? இந்தா பாப்பா, உன் கூலி. எடுத்துக்கினு நடையைக் கட்டு.

— பணம் வேண்டாம் சார். நான் எழுதி அனுப்பறேன், படிச்சாவது பாருங்க.

— எழுதி அனுப்பினா கிழிச்சிப் போடுவேன். உன் நம்பரை இப்பவே பிளாக் பண்றேன், பாரு. பண்ணிட்டேன். போ, வெளிய போ. கமலா, இந்தப் பணத்தை இவ கையில திணிச்சி ரோட்டுக்கு அனுப்பிட்டு வா. ஒரு ஆட்டோவைப் பிடிச்சி ஏத்து.

*

— நில்லுமா, ஆட்டோ வருது. அழாதே.

— அழலை ஆன்ட்டி, கோவம். என் வேலையில திட்டு வாங்காத நாளே இல்லை. ஆனா செத்துப்போயிடுவீங்கன்னு சொல்ல வந்தவளை இந்த மாதிரி யாரும் துரத்தினதில்லை.

— அவரு அப்பிடித்தான்மா. பேச உட மாட்டாரு.

— நான் டாக்டர்கிட்ட சொல்லலாம்னா அவர் லண்டன்ல இருக்கார், போனும் எடுக்கறதில்லை, தீபாவளிக்குத்தான் வருவார். அதுக்குள்ள இவர் எறக்கிடுவார். இனிமே நீங்கதான் சொல்லணும். கண்ணால பார்த்தீங்க இல்ல? முறுக்கு மாதிரி உதிருதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதையே சொல்லுங்க. மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

— சொல்றேன்மா.

— அவர் என்னைப் பேசினதுக்கு அவர் மேல எனக்குக் கோவம்தான். அதுக்காக ஒரு மனுஷன் சாகணுமா? ப்ராமிஸ் பண்ணுங்கம்மா.

— இப்பத்தான் அம்மான்னு கூப்புட்டே. சொல்றேன்டா கண்ணு. ஒரு தடவை திட்டுவாரு, ரெண்டு தடவை திட்டுவாரு. மூணாவது தடவை கேப்பாரு. எப்பிடியாவது சொல்லிடறேன். நீ நிம்மதியா போ. ஏம்பா, பஸ் ஸ்டாண்டுல பத்திரமா எறக்கி உடுப்பா.

*

— தொலைஞ்சாளா?

— போய்ட்டாங்க. பணத்தை வாங்கவே இல்லை, உங்ககிட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சு. ஏங்க, ஒண்ணு சொல்லணும்.

— தண்ணி பாட்டில் எங்க?

— இந்தாங்க. அந்தப் பொண்ணு பலகையைத் தூக்கி உள்ள காட்டிச்சுங்க. என் கண்ணால பார்த்தேன். அந்த நட்டெல்லாம் —

— நீ பார்த்தியா! கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியுமா உனக்கு? நட்டைப் பத்திப் பேச வந்துட்டா.

— தெரியாதுங்க. ஒரே ஒரு தடவை நீங்களே மேல ஏறிப் பார்த்தீங்கன்னா —

— என் முட்டியைப் பத்தித் தெரிஞ்சிக்கினே ஏறச் சொல்றியா? நல்ல காரியம் ஆரம்பிக்கற எடத்துல நின்னுக்கினு அழுகை மூஞ்சி வைக்காதே. அன்னிக்கும் இதே மூஞ்சிதான் வச்சே. இந்த மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனவதான் அவ. நீ கொஞ்சம் சிரிச்ச மொகமா அனுப்பியிருந்தீன்னா பொழைச்சிருப்பா.

— நானாங்க? நானாங்க அனுப்பினேன்?

— ஆரம்பிக்காதே. அது முடிஞ்சி போன கதை. இப்ப இங்க வா, இதைப் பாரு. பின்பக்கம் இந்த எடம் வெள்ளையா இருக்குது பாரு, இங்கதான் பேரு எழுதுவாங்க. நம்ம கடைக்கு போர்டு எழுதினவனையே கூப்புட்டு, கொட்டை எழுத்துல, தங்கக் கலர்ல.

— இன்னா பேருங்க?

— கலைவாணி.

— வேணாங்க.

— இன்னாத்துக்கு வேணாம்?

— அவ பேரு வேணாங்க. முருகன் பேரை வைங்க. கடை பேரை வைங்க. உங்க பேரையே வைங்க. அவளை உட்டுடுங்க.

— புரியாம பேசாதே. கிளப்புல எல்லாப் படகுக்கும் பொம்பளைப் பேருதான். டாக்டரு அவரு பொண்ணு பேரை வச்சிருக்காரு. நாளைக்கு எவனாவது கேட்டா, 'எறந்துபோன என் மகள் ஞாபகமா வச்சேன்'னு சொன்னா எவ்ளோ மரியாதையா இருக்கும், யோசிச்சுப் பாரு. எழுந்து நின்னு கை குடுப்பான் ஒவ்வொருத்தனும்.

— அவளை எடுக்கறப்போ நீங்க வரவே இல்லீங்களே. ஊருக்கு நடுவுல நான் மட்டும் நின்னேனே.

— முகூர்த்த நாளு. கடையில கால் வைக்க எடமில்லை. அதை உட்டுட்டு, கெணத்துல குதிச்சவளுக்கு மாலை எடுத்துக்கினு ஓடச் சொல்றியா? மானத்தை வாங்கிட்டுப் போனா.

— அவ உங்களைத்தாங்க நம்பி வந்தா. அப்பாகிட்ட சொல்லு, அப்பாகிட்ட சொல்லுன்னு என் கையைப் புடிச்சிக்கினு —

— போதும்! பேரு வச்சவன் நான். அதை எங்க எழுதணும்னு எனக்குத் தெரியும். அவதான் முழுகிட்டா, இதாவது மிதக்கட்டும். ஹே, நல்லா வந்திச்சில்ல? தானா வாயில வந்திச்சு. கிளப்புல ஒரு நாள் சொல்லணும் இதை. கமலா? இன்னா, பொம்மை மாதிரி நிக்கறே?

— ஒண்ணுமில்லீங்க.

— கண்ணைத் தொடை. மாணிக்கவேல் வர்ற நேரம்.

— தொடைச்சிட்டேங்க. ஏங்க, மொத நாள் எறக்கறப்போ கூட யாரைக் கூட்டிக்கினு போவீங்க?

— யாரை?

— நம்ம பெரியவன் புள்ளை குதிப்பானே. தாத்தா கூடப் போறேன்னு.

— சிவபாலனா? சுங்குவார்சத்திரம் போய் வர்றதுக்குள்ள காருல ரெண்டு வாட்டி வாந்தி எடுப்பான். அவனை ஏத்தினா படகு நாறிப்போயிடும். கரையில நின்னு வீடியோ எடுக்கட்டும்.

— கூடமாட ஒத்தாசைக்கு ஆளு? மீன்புடிக்கற பையன் எவனாவது?

— ஆளு வச்சிக்கினா குமரகுரு ஓட்டினான்னு எவன் சொல்லுவான்? ஒத்தை ஆளா போவணும், ஒத்தை ஆளா திரும்பி வரணும். அதுலதான் பெருமை.

— புள்ளைங்க யாரையும் ஏத்த மாட்டீங்களே? நம்ம குமரகோட்டத்து முருகன் மேல சொல்லுங்க.

— முருகன் மேல சத்தியம், ஏத்த மாட்டேன். இன்னாத்துக்கு இத்தினி கேள்வி கேக்கறே?

— சும்மாதாங்க. மனசுக்கு ஒரு நிம்மதி.

— உம். அதோ, மாணிக்கவேல் வண்டி திரும்புது பாரு... கமலா.

— சொல்லுங்க.

— அந்தப் பொண்ணு பணத்தை வாங்கவே இல்லையா?

— இல்லீங்க.

— ஏமாத்த வந்தவளா இருந்தா காசை உட்டுட்டுப் போவாளா? அதான் இடிக்குது. போல்ட்டு போல்ட்டுன்னு கத்தினா. கழண்டு விழுந்துடும்னு இன்னமோ சொல்ல வந்தா. கண்ணுல தண்ணி கூட வந்திச்சு.

— ஆமாங்க.

— இப்ப வரைக்கும் வாய் வார்த்தைதான். வேணாம்னா மாணிக்கவேல் ஒண்ணும் பண்ண முடியாது. நீ உள்ள போய்ப் பார்த்திருக்கே. வாசல்ல வேற ரொம்ப நேரம் நின்னு பேசிக்கினு இருந்தீங்க ரெண்டு பேரும். உண்மையைச் சொல்லு, நான் திட்டமாட்டேன். அவ உன்கிட்ட இன்னா சொன்னா?

— நான் சொன்னா கேப்பீங்களா?

— அதான் கேக்கறேன்ல? நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பிடியே வண்டியை எடுத்துக்கினு வீட்டுக்குப் போயிடலாம்.

— வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து, இப்பத்தாங்க என்னை ஒண்ணு கேக்கறீங்க.

— கேட்டுட்டேன்ல? அவன் வந்துட்டான், சீக்கிரம் சொல்லு.

— போல்ட்டு கீல்ட்டெல்லாம் கோவத்துல சொல்லிட்டேம்மா, படகு கல்லு மாதிரி இருக்குது, நல்லா காத்தடிக்கிற நாளாப் பார்த்து சாரைப் பாயைப் பூரா விரிக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போச்சுங்க.